சில்லறைக் கணக்கு: உப்புக் கரையில் கடையும் கடனும் உடுப்பும்

மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் போன்ற ஒரு கடலோரக் குப்பத்தில், மாலை நேரத்தில் பெட்டிக்கடை முன் அரை மணி நேரம் நின்றால் போதும். வருகிறவர்கள் யாரும் பொருளின் எடையைச் சொல்லிக் கேட்பதில்லை, காசைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். “அக்கா, பத்து ரூபாய்க்கு எண்ணெய், அஞ்சு ரூபாய்க்குப் புளி, ரெண்டு ஷாம்பு. நோட்டுல எழுதிக்கோ.” கடைக்கார அம்மாள் எண்ணெயை ஊற்றுகிறார், தலைக்கு மேல் தோரணம்போலத் தொங்கும் சரத்திலிருந்து இரண்டு பாக்கெட்டைக் கிழிக்கிறார், ஆணியில் மாட்டிய நீள நோட்டை எடுக்கிறார். “நேத்து பாக்கியோட நூத்தி முப்பது ஆச்சும்மா.” “ஏலம் முடிஞ்சதும் தர்றேன்.” அவ்வளவுதான் பேச்சு.

கால் கிலோ, அரை லிட்டர் என்ற கணக்கு அங்கே இல்லை. அன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் அளவு. நகரத்து நடுத்தர வர்க்கம் இதைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு நமக்குத் தெரிந்ததே: “மொத்தமா வாங்கினா மிச்சமாகும், இவங்களுக்குத் திட்டமிடத் தெரியாது.” அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

உப்பு வாங்கும் உப்பூர்

அந்தக் கடையின் அடுக்கில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டும் இருக்கும். சற்றுத் தள்ளிப் போனால் 3,000 ஏக்கருக்கு மேல் பரந்த உப்பளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் நிறுத்திப் படம் எடுக்கும் வெள்ளை அம்பாரங்கள் அவை. பாத்தியில் உப்பு வாரியவர் வீட்டிலேயே குழம்புக்கு பாக்கெட் உப்பு. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கென விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2006-இல் தடை விதித்தது. கல்லுப்பு இங்கிருந்து லாரியில் போகிறது. அயோடின் ஏறிய தூளுப்பு பாக்கெட்டில் திரும்பி வருகிறது. கருவாடு போடுவதற்கு மட்டும் இன்றும் ஊர் உப்புதான்.

இந்த முரண் புதிதல்ல. 1805-இல் கிழக்கிந்திய கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அளத்தின் ஓரத்தில் குடியிருந்தவரும் சர்க்கார் விலை கொடுத்தே உப்பு வாங்க வேண்டியிருந்தது. மரக்காணத்து உப்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போன காலமும் உண்டு. சென்னைக்குத் தெற்கே 103 கிலோமீட்டர் நீண்ட அந்தக் கால்வாய் முடிந்ததே மரக்காணத்தில்தான்.

அதற்கும் முன்னால் உப்பு ஒரு நாணயமாகவே இருந்தது. சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு வணிகரான உமணர் வண்டி கட்டி உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியதைச் சங்கப் பாடல்கள் பலமுறை காட்டுகின்றன. உப்பு கையில் இருந்தால் நெல் வீட்டுக்கு வந்த காலம் அது. இன்று உப்பு வாருகிறவர் கையில் இருப்பது கூலி மட்டும். அந்தக் கூலியும் ஆண்டு முழுவதும் வருவதில்லை.

பணம் வரும் மாதம், வராத மாதம்

இந்தக் கரையின் கடைப் பழக்கத்தைப் புரிந்துகொள்ளக் கடையைப் பார்ப்பதைவிட நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது.

பொங்கல் கழிந்து பாத்தி கட்டும் வேலை தொடங்கும். வெயில் ஏற ஏற உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழையோடு அளம் தண்ணீரில் மூழ்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே வேலை இல்லை. கடலின் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான். என்றாலும் பெரிய படகில் கூலிக்குப் போகிறவர், துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறவர் எல்லோர் கையும் அப்போது சுருங்கும். மழைக்காலத்தில் ஃபைபர் படகும் பல நாள் மணலில்தான் கிடக்கும்.

இதை அரசும் அறிந்தே இருக்கிறது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டம் 2022-இல் தொடங்கியது. இரண்டும் தேவையானவை. ஆனால் இரண்டு மூன்று மாத வெறுமையை ஒரு முறை வரும் தொகை நிரப்பாது.

இப்போது பண்டிகைகளை இந்த நாள்காட்டியில் பொருத்திப் பாருங்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய துணி வியாபாரம் தீபாவளிக்கு. தீபாவளி வருவதோ அளமும் கடலும் ஒரே சமயத்தில் கை விரிக்கும் ஐப்பசியில். வாங்கியே தீர வேண்டிய நாளில் வருமானம் இல்லை. உப்பளக் கூலி வரும் பங்குனி, சித்திரையில் வாங்கச் சொல்லும் பெரிய பண்டிகை இல்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் தீபாவளிச் சீட்டு பிறந்தது. வாரம் நூறோ இருநூறோ கட்டி வந்தால் தீபாவளிக்கு முன் துணி, பட்டாசு, பலகாரச் சாமான், ஒரு எவர்சில்வர் பாத்திரம் என்று கைக்கு வரும். சீட்டுப் பிடிக்கிறவர் ஓடிப்போனால் அதுவும் போகும். வட மாவட்டங்களில் ஆண்டுதோறும் அப்படிப் பணம் தொலைத்தவர்கள் காவல் நிலையத்தில் வரிசையில் நிற்கிறார்கள். ஆனாலும் மறு ஆண்டு சீட்டில் சேருகிறார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் வைத்த காசு தங்காது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 250-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஓராண்டுக்காலம் தொடர்ந்து பதிந்து, நான்கு ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வருமானம் குறைவு என்பதோடு அது ஒழுங்கில்லாமல் வருகிறது என்பதே பாதித் துன்பம் என்பது அவர்கள் கண்டது. எந்தக் குடும்பமும் வந்ததை வந்தபடி தின்று தீர்க்கவில்லை. கைமாற்று, சீட்டு, அடகு, கடைப் பாக்கி என்று பல வழிகளில் பணத்தை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருந்தன. நம் குப்பத்துப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாளுக்கு ஒரு கடை, ஆண்டுக்கு ஒரு கடை

இந்தக் கரையின் கடைகளைப் பொருளை வைத்து வகைப்படுத்துவதைவிடப் பணம் வரும் வேகத்தை வைத்து வகைப்படுத்தினால் தெளிவு கிடைக்கும்.

நாள் காசு பெட்டிக்கடைக்குப் போகிறது. புளி, எண்ணெய், பீடி, பிஸ்கட், ஷாம்பு. அங்கே விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் அங்கேதான் நோட்டு இருக்கிறது. வார்த்தை ஒன்றையே ஈடாக வைத்துக் கடன் தரும் ஒரே நிறுவனம் அந்தப் பெட்டிக்கடை. கைபேசியில் பணம் செலுத்தும் க்யூஆர் அட்டை இப்போது கடைவாசலில் ஒட்டியிருக்கிறது. பணம் வந்தால் சின்னப் பெட்டி தமிழில் குரல் கொடுக்கிறது. இருந்தும் நோட்டு ஆணியை விட்டு இறங்கவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டிக்குப் பாக்கி சொல்லத் தெரியாது.

வாரக் காசு, கூலி கைக்கு வந்த நாளில் மரக்காணத்து மளிகைக் கடைக்குப் போகிறது. மாதக் கணக்கு ரேஷன் கடையுடையது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். குப்பத்தின் வறண்ட மாதங்களில் அடுப்பு எரிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. அரிசிக்குப் போகாத காசுதான் பெட்டிக்கடையில் ஷாம்பாகவும் பிஸ்கட்டாகவும் மாறுகிறது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கடையே நடந்து வருவதும் உண்டு. டிவிஎஸ் வண்டியின் பின்னால் மலைபோல் கட்டிய புடவை, நைட்டி, பெட்ஷீட், பிளாஸ்டிக் நாற்காலியோடு வரும் தவணைக்காரர், விலையைச் சொல்வதில்லை, வாரத் தவணையைச் சொல்கிறார். பொருளின் முழு விலை எவ்வளவு என்று வாங்கியவருக்கே சில சமயம் தெரியாது. தண்டல்காரர் பொருளின்றிப் பணத்தையே கொண்டு வருகிறார்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் காசு தெற்கே பஸ் ஏறுகிறது. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சட்டையும் சுடிதாரும் செருப்பும் தெருவிலேயே குவிந்து கிடக்கும். துணிக்கடை ஏசிக்குள் நுழையத் தயங்குகிறவரும் அங்கே தயங்காமல் பேரம் பேசலாம். கல்யாணத் துணி என்றால்தான் நேரு வீதிக் கடைகள், அல்லது திண்டிவனம்.

கடைசியாக ஒரு கடை. அங்கே வாடிக்கையாளர் பொருளோடு போய்க் காசோடு திரும்புகிறார். அடகுக் கடை. மீன்பாடு நன்றாக இருந்த மாதத்தில் வாங்கிய கம்மல், தடைக்காலத்தில் அங்கே போய் உட்காரும். மீண்டும் மீன் பட்டதும் மீண்டு வரும். கரையில் தங்கம் நகையாகக் கழுத்தில் கிடக்கிறது, சேமிப்பாகவும் அங்கேயே கிடக்கிறது.

கடலூரில் பிறந்த பாக்கெட்

பெட்டிக்கடைத் தோரணத்தில் தொங்கும் அந்தச் சின்னப் பாக்கெட் எங்கோ வெளிநாட்டு நிறுவனத்தின் மூளையில் உதித்தது என்று நினைப்பவர் பலர். அதன் பிறந்த ஊர் இதே கடற்கரையில், தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள கடலூர். மருந்துப் பொருள், அழகுப் பொருள் தயாரிப்பில் இருந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், வசதியுள்ளவர் வாங்குவதை உழைப்பாளியும் வாங்கும் அளவில் தர வேண்டும் என்ற எண்ணத்தோடு பவுடர் முதலியவற்றைச் சிறு பொட்டலங்களாக அடைத்துப் பார்த்தார். அவர் மறைவுக்குப் பின் அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்று வெற்றி கண்டார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்ப நிறுவனத்திலிருந்து பிரிந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் கெவின்கேர் நிறுவனம்.

அவர்கள் விற்றது ஷாம்பு என்றாலும், முதலில் விற்க வேண்டியிருந்தது ஒரு பழக்கத்தை. தலைக்குச் சீயக்காயும், அதுவும் இல்லாதபோது குளியல் சோப்பும் போட்டவர்களிடம் ஷாம்பு எதற்கு என்று விளங்கவைக்க, ஊர் ஊராகப் போய்ப் பையன்களை உட்காரவைத்துத் தலைக்குக் குளிப்பாட்டிக் காட்டினார்கள், முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படம் போட்டு நடுநடுவே விளம்பரம் காட்டினார்கள். காலிப் பாக்கெட் ஐந்தைக் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் என்றார்கள். மல்லிகை மணத்தில் ஒரு வகை வந்தது. 50 காசுப் பாக்கெட்டும் வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் பின்னால் ஓடிவந்து இதே வழியைப் பிடித்தன.

கோவையில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் 2004-இல் எழுதிய நூலில் இந்தப் பாக்கெட் வழியை உலகுக்கே எடுத்துக்காட்டினார். வருமானப் பிரமிடின் அடித்தளத்தில் உள்ளவர்களையும் வாடிக்கையாளர்களாக மதித்தால் நிறுவனமும் வளரும், அவர்களும் உயர்வார்கள் என்பது அவர் வாதம். அனில் கர்னானி போன்றவர்கள் 2007 வாக்கில் மறுத்தார்கள்: பொருளைச் சிறிதாக அடைத்தால் வாங்குவது எளிதாகிறதே தவிர, ஏழையின் வருமானம் ஒரு காசுகூட உயரவில்லை.

மிச்சம் யாருக்கு?

சில்லறையாக வாங்கினால் நட்டம் என்ற பொதுக் கருத்தை ஷாம்பு பொய்யாக்குகிறது. இந்தியாவில் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் உள்ள ஷாம்பு, மில்லி கணக்கில் பார்த்தால், பெரிய பாட்டிலைவிடப் பெரும்பாலும் மலிவு. போட்டி அந்தச் சின்ன விலையில்தான் நடக்கிறது. பாட்டில் வாங்கும் நகரத்தாரே கூடுதலாகத் தருகிறார். ஆக, தோரணத்திலிருந்து இரண்டு பாக்கெட் கிழித்துத் தரச் சொன்ன பெண் கணக்குத் தெரிந்தவர்தான்.

ஆனால் எண்ணெய்க்கும் புளிக்கும் பருப்புக்கும் இது பொருந்தாது. பத்து ரூபாய்க்கு ஊற்றிய எண்ணெயின் லிட்டர் விலையைக் கணக்கிட்டால் மளிகைக் கடை விலையைவிட அதிகமாகவே வரும். அந்தக் கூடுதல்தான் கடன் நோட்டின் வட்டி. யாரும் அதை வட்டி என்று சொல்வதில்லை. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் தவணைக்கு வாங்கியவர்களைப் பற்றி டேவிட் கேப்லோவிட்ஸ் 1963-இல் எழுதிய நூலின் தலைப்பே, ஏழைகள் கூடுதலாகச் செலுத்துகிறார்கள் என்பதுதான். அறுபது ஆண்டுக்குப் பின் நம் தவணைக்காரர் வண்டி அதையே சொல்லிக்கொண்டு வருகிறது.

இன்னொரு ஏமாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஐந்து ரூபாயாகவே இருக்கிறது, எடை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இளைக்கிறது. ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிட வேண்டும் என எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகள் 2021-இல் திருத்தப்பட்டன. 10 கிராம், 10 மில்லிக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கோ அந்த விதிகளிலிருந்தே விலக்கு. விலை விவரம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர் வாங்கும் பொட்டலத்தில் அது இல்லை.

பாக்கெட் வந்ததில் இன்னொன்றும் போயிற்று: கொசுறு. காகிதத்தில் மடித்து நூல் சுற்றிய பொட்டலக் காலத்தில், வாங்கிய பொருளுக்கு மேல் ஒரு பிடி கறிவேப்பிலையோ குழந்தை கைக்கு ஒரு துண்டு வெல்லமோ போடுவது கடைக்காரரின் கடமையாகவே இருந்தது. அச்சிட்ட விலையும் ஒட்டிய வாயுமாக வரும் பாக்கெட்டில் கொசுறு போட இடமில்லை. மீன்காரம்மாவின் அன்னக்கூடையில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. கூறு மீன் வாங்கினால் மேலே இரண்டு நெத்திலி இன்றும் விழுகிறது.

உடுப்பு எனும் மானம்

கரையில் வேலை உடையை வெயிலும் உப்பும்தான் தீர்மானிக்கின்றன. பாத்தியில் பெண்கள் புடவைக்கு மேல் ஆணின் முழுக்கைச் சட்டையை மாட்டுகிறார்கள், தலையில் துண்டு. மீனவருக்குக் கைலி: நனையும், காயும், மடித்துக் கட்டலாம், தலைப்பாகையும் ஆகும். வீட்டிலும் தெருவிலும் பெண்களுக்கு நைட்டி. கடைக்குப் போகும்போது மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டால் அதுவே வெளி உடை. கிழக்கே கடலைப் பார்த்த வீட்டில் விடிகாலை முதல் ஓடுகிறவருக்கு ஐந்தரை மீட்டரைச் சுற்ற நேரம் எங்கே? ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்ற மீனவ ஊரில், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று 2018-இல் ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு விதித்தார்கள். வசதியான உடை பெண்ணிடம் வரும்போது மட்டும் ஒழுக்கப் பிரச்சினை ஆகிவிடுகிறது. கைலிக்கு எந்த ஊரிலும் அபராதம் இல்லை.

உடுப்பு என்பது தேவைக்கு மேற்பட்டது என்று எண்ணுகிறவர்களுக்கு 2004 டிசம்பர் 26-க்குப் பின் இந்தக் கடற்கரை ஒரு பாடம் சொன்னது. சுனாமி நிவாரணமாக நாடெங்கிலுமிருந்து பழைய துணி லாரி லாரியாக வந்தது. எல்லாம் இழந்த நிலையிலும் மீனவர்கள் பிறர் உடுத்திக் கழித்ததைத் தொடவில்லை. துணி சாலையோரத்தில் மலையாகக் குவிந்தது. கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அதைச் சேகரித்துப் பிரித்து வேறு பயனுக்குத் திருப்பியது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் மலிவுச் சட்டையும் புதிதுதான், சொந்தக் காசில் வாங்கியதுதான். அந்த வேறுபாடு அவர்களுக்கு அற்பமானதில்லை.

உயிரைக் குடித்த சில்லறை

எக்கியார்குப்பம் என்ற பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது 2023 மே மாதம், தடைக்காலத்தின் நடுவில். மே 13 அன்று அங்கே விஷச் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். மரக்காணம் வட்டாரத்தில் 14 பேர் இறந்தார்கள். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த சாவுகளையும் சேர்த்தால் 20-க்கும் மேல். தொழிற்சாலைக்குரிய மெத்தனால் சாராயமாக விற்கப்பட்டிருந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர் அதே மெத்தனாலுக்குப் பலியானார்கள்.

சட்டம், காவல், அரசியல் எனப் பல கோணங்களில் இதைப் பேசியாயிற்று. கடைப் பழக்கத்தின் கோணமும் ஒன்று உண்டு. டாஸ்மாக்கில் மிகச் சிறிய அளவு 180 மில்லி குவார்ட்டர். அன்றைய காசுக்கு எட்டாதவருக்கு அதைவிடச் சிறிதாக, மலிவாக, பக்கத்திலேயே கிடைத்தது கள்ளச்சாராயம். அதே ஆண்டு ஜூலையில் மதுவிலக்குத் துறை அமைச்சர் சு. முத்துசாமி, ஒரு குவார்ட்டரைப் பங்குபோட ஆள் தேடி நிற்கிறார்கள் என்று சொல்லி, 90 மில்லி பாக்கெட் கொண்டுவருவது பற்றிப் பேசினார். எதிர்ப்பு கிளம்பியது. மதுவைச் சிறிதாக்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒன்றை அந்தப் பேச்சு ஒப்புக்கொண்டது: காசின் அளவுக்குப் பொருள் இல்லாத இடத்தில், காசின் அளவுக்கு நஞ்சு வந்து உட்காரும்.

செய்யக்கூடியவை

சில்லறையாக வாங்குகிறவரைத் திருத்தத் தேவையில்லை. வருமானம் எந்த வடிவில் வருகிறதோ அந்த வடிவில் அவர் செலவு செய்கிறார். திருத்த வேண்டியவை வேறு. உப்பளத் தொழிலாளர் நிவாரணம் ஆண்டுதோறும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே கைக்குச் சேர வேண்டும். சேர்ந்தால் பாதிச் சீட்டுக்கும் தண்டலுக்கும் வேலை இருக்காது. சீட்டுப் பிடிப்பதை ஊர் மகளிர் குழுக்களே கணக்கெழுதி, கூட்டுறவு வங்கியில் போட்டு நடத்த வழி செய்தால் பணம் ஓடிப்போகாது. மிகச் சிறிய பொட்டலங்களுக்குத் தந்திருக்கும் விலக்கை நீக்கி, அவற்றிலும் கிராம் விலை அச்சிட வைக்க வேண்டும். தவணைக்காரர் முழு விலையை முதலில் சொல்ல வேண்டும்.

நகரத்து வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வழியாகப் போகும்போது, உப்பு அம்பாரத்தைப் படம் எடுத்த பின் சாலையோரப் பெட்டிக்கடை ஒன்றில் வண்டியை நிறுத்துங்கள். ஆணியில் தொங்கும் அந்த நோட்டைப் பாருங்கள். “இவங்களுக்குத் திட்டமிடத் தெரியாது” என்ற வார்த்தை வாயில் வருகிறதா என்று அப்புறம் சொல்லுங்கள்.